வாசித்துக் காட்டாத வரி

எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவைக் கட்டியவர் நாடறிந்த கட்டடக்கலைஞர் என்பது எனக்கு முப்பத்தைந்து வயது வரைக்கும் தெரியாது. தெரியாமலேயே இருந்திருக்கலாம். தெரிந்த பிறகு நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது.

ருவான்வெல்லையிலிருந்து உள்ளே போகும் பாதையில் இருக்கிறது எங்கள் இறப்பர் தோட்டம். "எங்கள்" என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறேன். எங்களுக்கு அதில் ஒரு பிடி மண்கூடச் சொந்தமில்லை. விடியற்காலையில் பாலுக்காக மரப்பட்டை கீறும் வேலைக்கு, எங்கள் பேச்சில் மரம் வெட்ட, போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம்தான் பிள்ளைக் காம்பரா. நானும் அங்கே கிடந்து, அழுது, மூக்கொழுகி வளர்ந்தவள்தான். அந்தக் கட்டடத்தைப் பார்த்தால் யாருக்கும் மரியாதை வராது. சுவருக்குப் பூச்சு கிடையாது, சிவந்த, சொரசொரப்பான கபொக்கல் அப்படியே தெரியும். ஜன்னல்கள் பெரியவர்களின் முழங்கால் உயரத்தில் இருக்கும். ஒரு பக்கச் சுவரில் செங்கலை விட்டுவிட்டு வைத்து ஓட்டை ஓட்டையாகக் கட்டியிருப்பார்கள். நடுவில் கூரையே இல்லாத ஒரு சதுரம், அதில் ஒரு ஈரப்பலா மரம். சுவரோடு சேர்த்து, உட்காரச் சிமெந்து வாங்கு. "தொரைக்கு காசு முடிஞ்சு போச்சு, அதான் கூரையக்கூட முழுசாப் போடல" என்று அப்பா சொல்லுவார். நாங்கள் எல்லோரும் அதை நம்பினோம்.

பிறகு ஒரு பக்கத்து ஓடுகள் விழுந்தன. நிர்வாகம் பாதையோரமாகப் புதிதாக ஒரு சிறுவர் நிலையம் கட்டியது. சுவரில் மிக்கி எலி வரைந்து, சிவப்பு நீலம் மஞ்சளில் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டார்கள். பழைய கட்டடம் பசளை மூட்டை வைக்கும் ஸ்டோராகிவிட்டது. அதிலிருந்த மரச்சாமான்களை வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். பெரும்பாலானவை அடுப்புக்குப் போயின.

நான் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து ஆசிரியையானவள் என்பதால் ஊருக்கு நான் பொதுச்சொத்து. சிங்களத்தில் எந்தக் கடிதம் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். கிராம சேவகர் கடிதம், ஆஸ்பத்திரித் துண்டு, மின்சார பில் எல்லாவற்றையும் நான் வாசித்துச் சொல்ல வேண்டும், எங்கே கையெழுத்து என்று விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். இந்தப் பக்கத்தில் எல்லோருமே சிங்களம் பேசுவார்கள். ஆனால் என் சிங்களத்தைக் கேட்டால் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்களுக்கு நான் தமிழ் என்றே தெரியாது. அதில் எனக்கு உள்ளூர ஒரு கர்வம் இருந்தது. இப்போது எழுதும்போதுதான் அதுவும் வெட்கப்பட வேண்டிய கர்வம் என்று தோன்றுகிறது.

ஒரு நாள் பாடசாலைக்கு ஒரு பெண் வந்தார். கொழும்பு. முதுகில் பை, கழுத்தில் கேமரா, சேறு ஒட்டிய விலையுயர்ந்த சப்பாத்து. என்னைவிடப் பத்து வயதாவது குறைவாக இருக்கும். நவீனக் கட்டடக்கலையை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவருடைய ஆரம்பகால வேலைகளைத் தேடி வந்திருப்பதாகச் சொன்னாராம். எங்கள் பாடசாலை அதிபருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நீங்களே பேசுங்க" என்று என்னிடம் தள்ளிவிட்டார். நான் அந்தப் பெண்ணை மிஸ் என்று கூப்பிட்டேன். அவரும் என்னை மிஸ் என்றே கூப்பிட்டார். எனக்கு அது பிடித்திருந்தது.

பசளை ஸ்டோருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். யூரியா மூட்டைகளுக்கு நடுவில் நின்று மிஸ் சுவரைத் தடவினார். கண் கலங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு அவர் சொல்லச் சொல்ல என் சிரிப்பு போய்விட்டது. ஜன்னல் ஏன் அவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்றால், பாயில் கிடக்கும் குழந்தைக்கு வெளியே மரமும் மலையும் தெரிய வேண்டுமாம். ஓட்டைச் சுவர் காற்றுக்காக. கூரையில்லாத சதுரம் வெளிச்சத்துக்காக. மழை பெய்தால் குழந்தைகள் நனையாமல் மழையைப் பார்க்கலாமாம். அந்தக் கட்டடக்கலைஞர் எங்கள் தாய்மார் எத்தனை மணிக்கு மலையிலிருந்து இறங்குகிறார்கள், எப்படி உட்கார்ந்து பால் கொடுக்கிறார்கள் என்று ஒரு வாரம் இங்கேயே தங்கிப் பார்த்துக் குறிப்பு எழுதியிருக்கிறார். எங்களுக்காகவும் ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்பதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். நானும் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். அது பொய்யில்லை. அதற்குப் பிறகு நான் செய்தவற்றில்தான் பொய் கலந்தது.

மிஸ் தன் போனில் ஒரு பழைய வரைபடத்தைக் காட்டினார். ஒரு நாற்காலி. தாழ்வானது, பின்னால் நன்றாகச் சரிந்தது. கைப்பிடி இரண்டும் பலகை அகலம். குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாயின் முழங்கை அதில் ஊன்றிக்கொள்ளும்.

"பால் கொடுப்பதற்கென்றே செய்தது. எட்டு செய்ததாகக் குறிப்பு இருக்கிறது. ஒன்றுகூட எங்கேயும் கிடைக்கவில்லை. இங்கே ஒன்றாவது மிஞ்சியிருக்குமா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"இருக்கு!" என்றேன். யோசிக்கவேயில்லை. வகுப்பில் விடை தெரிந்த பிள்ளை கையைத் தூக்குமே, அப்படிச் சொல்லிவிட்டேன்.

அந்த நாற்காலி சின்னம்மா வீட்டில் இருந்தது. சின்னம்மா எனக்கு இரத்த உறவு இல்லை. லயத்தில் அம்மாவோடு பழகியவர்கள் எல்லோரும் சின்னம்மாதான். இவர் பிள்ளைக் காம்பராவில் ஆயம்மாவாக இருந்தவர். எனக்குச் சோறு ஊட்டி, கால் கழுவிவிட்ட கை அவருடையது. நான் ஆசிரியையான நாளிலிருந்து "வாங்க டீச்சர், ஒக்காருங்க டீச்சர்" என்று மாறிவிட்டார். "சும்மா பேர் சொல்லிக் கூப்பிடுங்க சின்னம்மா" என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லவில்லை.

அவருக்கு ஒரே மகள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. பிறந்ததிலிருந்தே கால் நிற்காது, கழுத்து நிற்காது. பேச்சு வராது. ஆனால் எல்லாம் விளங்கும், யார் வந்தாலும் சிரிப்பாள். உடம்பு பத்து வயதுப் பிள்ளையின் அளவுதான். மற்றவர்கள் விறகுக்கு நாற்காலி தூக்கிக்கொண்டு போன அன்றைக்குச் சின்னம்மா மகளுக்காக ஒன்றைத் தலையில் வைத்துக் கொண்டுவந்தார். பிரம்பு அறுந்திருந்த இடத்தில் சைக்கிள் டியூபைக் கீறிப் பின்னினார். அதில் உட்கார வைத்தால் மகள் பின்னால் சரிந்து பொருந்திக்கொள்வாள். இரண்டு பக்கமும் அகலக் கைப்பிடி அணைத்துக்கொள்ளும். கால் தரையில் படும். அதுவரைக்கும் பாயில் கிடந்து கூரைத் தகரத்தைப் பார்த்தவள், அதன் பிறகு வீட்டு முன்புற இஸ்தோப்பில் உட்கார்ந்து பாதையில் போகிறவர்களைப் பார்க்கத் தொடங்கினாள். காலையில் நான் பாடசாலைக்குப் போகும்போது என்னைப் பார்த்தும் சிரிப்பாள்.

நாங்கள் போனபோதும் அவள் அதில்தான் இருந்தாள். மிஸ் "அனே!" என்று நெஞ்சில் கை வைத்தார். அவளைப் பார்த்து அல்ல, நாற்காலியைப் பார்த்து. முழங்காலில் உட்கார்ந்து அதன் கால்களைப் பார்த்தார், மூட்டுகளைப் பார்த்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் அதற்காகத்தான் வந்தார். நானும் அவரோடு சேர்ந்து குனிந்து நாற்காலியையே பார்த்தேனே, அதைத்தான் சொல்கிறேன். "ஆணியே அடிக்கல பாருங்க சின்னம்மா, பலா மரம்" என்று ஏதோ நான்தான் செதுக்கியதுபோல விளக்கம் வேறு கொடுத்தேன்.

அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றார் மிஸ். நானும் சின்னம்மாவும் மகளைத் தூக்கிப் பாயில் கிடத்தினோம். அவள் முனகினாள். "கொஞ்ச நேரந்தான் பாப்பா" என்றார் சின்னம்மா. மிஸ் நாற்காலியைக் கவிழ்த்து அளந்தார், படம் எடுத்தார். ஒரு மணி நேரம் ஆனது.

போகும்போது பாதையில் வைத்து மிஸ் என்னிடம் கேட்டார். கொழும்பில் ஒரு கண்காட்சி வரப்போகிறது, இந்த நாற்காலி இல்லாமல் அது முழுமையாகாது, கொடுப்பார்களா என்றார். கூடவே, "அந்த மகளுக்கு இது தேவையோ? தேவையென்றால் நாங்கள் எடுக்கக் கூடாது. அல்லது அவளுக்கு ஏற்றமாதிரி வேறொன்று முதலில் செய்து கொடுத்துவிட்டு எடுக்கலாம்" என்றும் கேட்டார். எவ்வளவு சரியாகக் கேட்டார் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

"அய்யோ, இல்லை மிஸ். சும்மா பழக்கத்துக்கு உட்கார வைக்கிறார்கள். வீட்டில் வேறு நாற்காலிகள் இருக்கின்றன" என்றேன். அப்பழுக்கில்லாத சிங்களத்தில்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வெளியாள் முன்னால் இல்லாமையைக் காட்டக்கூடாது என்பது எங்கள் லயத்தில் நடை பழகுமுன்பே படிந்துவிடும் பழக்கம். யாராவது வந்தால் கிழிந்த பாயைச் சுருட்டி ஒளிப்போம். "சாப்பிட்டீர்களா" என்றால் பசித்த வயிற்றோடு "இப்பத்தான்" என்போம். எங்கள் ஆட்களில் ஒருத்திக்கு உட்காரக்கூட வேறு வழியில்லை என்று அந்தக் கொழும்புப் பெண்ணிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மானத்தைக் காப்பாற்றினேன் என்று நினைத்தேன். என் மானத்தைக் காப்பாற்ற இன்னொருத்தியின் நாற்காலியைக் கொடுத்தேன், அவ்வளவுதான். அதோடு மிஸ் அன்றைக்கு இன்னொன்றும் சொல்லியிருந்தார்: திறப்பு விழாவில் நான் ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம்.

கண்காட்சிக்கு நாற்காலி கேட்கிறார்கள் என்று சின்னம்மாவிடம் சொல்லிவைத்தேன். இரண்டு கிழமை கழித்து வான் வண்டி வந்தது. மிஸ் சிங்களத்தில் அச்சடித்த ஒரு கடிதம் கொண்டுவந்தார். ஒரே பக்கம். வழக்கம்போல நான் வாங்கி, சின்னம்மாவுக்கு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். உங்கள் பெயர், விலாசம், பொருளின் விவரம், யாரும் வற்புறுத்தவில்லை என்பது. நடுவில் ஒரு வரி வந்தது. இந்தப் பொருளை நிரந்தரமாகச் சேகரிப்புக்குக் கையளிக்கிறேன், திரும்பக் கேட்க மாட்டேன் என்று இருந்தது. என் கண் அதை வாசித்தது. வாய் அடுத்த வரிக்குப் போய்விட்டது.

"எத்தன நாளைக்குங்க டீச்சர்?" என்று கேட்டார் சின்னம்மா.

"கண்காட்சி மூணு மாசம் சின்னம்மா" என்றேன். கண்காட்சி மூன்று மாதம்தான். அதில் பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சின்னம்மா கடிதத்தைக் கையில் வாங்கினார். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. வான்காரர் காத்திருக்கிறார், மிஸ் பார்த்துக்கொண்டிருக்கிறார், இவர் என்ன தெரிந்தமாதிரி பார்க்கிறார் என்று மனதுக்குள் பல்லைக் கடித்தேன். "இங்க சின்னம்மா" என்று விரலால் இடத்தைத் தொட்டுக் காட்டினேன். அவர் நிமிர்ந்து என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு தமிழில் தன் பெயரை மெதுவாக எழுதினார்.

திறப்பு விழாவுக்குப் புதுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். வெள்ளைச் சுவர், குளிரூட்டி, தட்டில் சின்னச் சின்னதாகச் சாப்பாடு. அந்தக் கட்டடக்கலைஞர் கட்டிய பெரிய வீடுகளின் படங்கள், ஹோட்டல்களின் படங்கள், பிரம்புச் சோபா, இரும்புக்கால் மேசை எல்லாம் இருந்தன. நடுவில் ஒரு மேடை. அதில் எங்கள் நாற்காலி. டியூபை அவிழ்த்துவிட்டுப் புதுப் பிரம்பு பின்னியிருந்தார்கள். வலது கைப்பிடியில் மகளின் எச்சிலும் கையும் பட்டுப் பட்டுக் கறுத்துப்போன ஒரு இடம் இருந்தது. அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டார்கள். சுற்றிக் கயிறு. உட்காரக் கூடாது என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது.

நான் பேசினேன். விடியலில் மரம் வெட்டப் போகும் தாய்மாரைப் பற்றி, அவர்கள் ஒன்பது மணிக்கு ஓடிவந்து அந்த நாற்காலியில் சாய்ந்து பால் கொடுத்ததைப் பற்றி, எங்களையும் மனிதராக நினைத்த ஒரு கலைஞரைப் பற்றிப் பேசினேன். ஒரு வயதான அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டல் நிற்கவே இல்லை. போன மாதம் வரைக்கும் அதில் யார் உட்கார்ந்திருந்தாள் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அந்த நல்ல பேச்சு கெட்டுப்போகும் என்று தோன்றியது. அட்டையில் நன்றி என்று போட்டு என் பெயர் இருந்தது. சின்னம்மாவின் பெயர் இல்லை. அதையும் நான் கேட்கவில்லை.

திரும்பி வந்த பிறகு நான் பாடசாலைக்குப் போகும் வழியை மாற்றிக்கொண்டேன். மேல் பாதையால் சுற்றிப் போனேன். மேட்டில் ஏறினால் உடம்புக்கு நல்லது என்று கேட்டவர்களிடம் சொன்னேன். அப்படியும் ஒரு நாள் மழைக்கு ஒதுங்கக் கீழே வந்தபோது பார்த்துவிட்டேன். இஸ்தோப்பில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. அதில் மகளைச் சேலைத் துணியால் குறுக்காகக் கட்டியிருந்தார் சின்னம்மா. அவள் கட்டுக்குக் கீழாக வழுகி, தலை ஒரு பக்கம் தொங்க, கழுத்தில் துணி இறுகக் கிடந்தாள். சின்னம்மா ஓடிவந்து தூக்கினார். நான் மழையிலேயே நடந்து போய்விட்டேன். அதற்குப் பிறகு அவளை யாரும் வெளியே உட்கார வைக்கவில்லை.

மூன்று மாதம் போனது. நாலும் போனது. ஒரு நாள் பாடசாலை விட்ட பிறகு சின்னம்மா வாசலில் நின்றார்.

"அந்த வேல முடிஞ்சிருச்சுங்களா டீச்சர்?"

நாற்காலி என்ற சொல்லையே அவர் சொல்லவில்லை. "இன்னும் இல்ல சின்னம்மா, கொஞ்சம் கூட்டியிருக்காங்க" என்றேன்.

"அப்பிடிங்களா. சரிங்க. இன்னொன்னு கேக்கணும். பாப்பாவுக்கு முதுகுல புண்ணு வந்திருக்கு, படுத்தே கெடக்குறதால. ஒடஞ்சு தண்ணி வடியுது. டவுன் பாமசியில என்ன மருந்து கேக்கணும்னு எழுதித் தருவீங்களா?"

எழுதிக் கொடுத்தேன். அவர் அந்தத் துண்டை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "நல்லா இருப்பீங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்றைக்கே மிஸ்ஸுக்கு போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். நான் பொய் சொன்னதையும், அந்த வரியை வாசிக்காததையும் சொன்னேன். "நான் உங்களிடம் கேட்டேனே மிஸ்" என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார். பிறகு, நாற்காலி சேகரிப்பில் பதிவாகிவிட்டது, போன கிழமைதான் பெட்டியில் அடைத்து வெளிநாட்டுக் கண்காட்சி ஒன்றுக்கு அனுப்பினார்கள், திரும்ப ஒரு வருடத்துக்கு மேலாகும் என்றார். அளவுகள் இருக்கின்றன, அதேமாதிரி ஒன்று செய்ய முடியுமா என்று தச்சரிடம் கேட்கிறேன் என்றார். எப்போது என்று சொல்லவில்லை. எந்த வாயால் நான் அவசரப்படுத்துவது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னம்மா வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் போனேன். அவர் இஸ்தோப்பில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே மகள் பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள். மருந்து வாசனை வந்தது. எனக்கு முக்காலி எடுத்துப் போட எழுந்தார். வேண்டாம் என்று தரையிலேயே உட்கார்ந்தேன்.

"சின்னம்மா, அந்தக் கடுதாசியில ஒரு வரி நான் ஒங்களுக்கு வாசிக்கல" என்றேன்.

"தெரியும் டீச்சர்" என்றார் அவர். சுளகு நிற்கவில்லை.

எனக்கு விளங்கவில்லை. "என்ன தெரியும்?"

"திருப்பிக் கேக்க மாட்டேன்னு எழுதியிருந்துச்சே, அதானே? புள்ளக் காம்பரா ரிஜிஸ்டர் அத்தன வருஷமா யாரு எழுதுனது? சிங்களத்துல எழுதித்தானே ஆபீசுக்குக் குடுக்கணும். பேசுற அளவுக்கு வேகமா வராது. எழுத்துக் கூட்டி வாசிப்பேன்."

எத்தனை வருடமாக அவருடைய மின்சார பில்லை நான் வாசித்துச் சொல்லியிருக்கிறேன்! ஒரு நாளாவது "உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா" என்று கேட்டதில்லை. கூனிக் குறுகிப் போனேன்.

"அப்பறம் ஏன் சின்னம்மா கையெழுத்து வச்சீங்க? அந்த எடத்துலயே என்னக் கேட்டிருக்கலாமே!"

"அந்த மிஸ் முன்னாடி எப்பிடிங்க கேக்குறது? ஒங்களுக்குக் கொறச்சலா இருக்குமே." சுளகைக் கீழே வைத்தார். "காயிதத்துல அப்பிடி இருந்துச்சு. நீங்க மூணு மாசம்னு சொன்னீங்க. காயிதம் எழுதுனவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. ஒங்களத் தெரியும். சரி, நம்ம புள்ள உள்ளுக்குள்ள பேசி வச்சிருக்கும்போலன்னு நெனச்சேன். நான் ஒங்க பேச்சத்தான் எடுத்துக்கிட்டேன்."

நான் அழுதேன். அவர் என் முதுகைத் தடவினார். அது எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது. நாற்காலி கடல் தாண்டிப் போய்விட்டது என்பதை அப்போதுதான் சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கு வாயைத் திறந்தேன்.

"அழாதீங்க டீச்சர். வராமலா போயிரும்?" என்றார் சின்னம்மா. "எப்ப கொண்டாருவாங்க, அத மட்டும் சொல்லுங்க."

"அடுத்த மாசம் சின்னம்மா" என்றேன்.

அவர் உள்ளே திரும்பி, "கேட்டியா பாப்பா? அடுத்த மாசமாம், டீச்சர் சொல்லிட்டாங்க" என்றார். பாயில் கிடந்தவள் சத்தமாகச் சிரித்தாள்.